கோத்தகிரிக்கு ஒரு நாள் கட்டுச்சோற்றுப் பயணம்: இ-பாஸ் முதல் ஜமுக்காளம் வரை

திருப்பூரிலிருந்து இரண்டு முறை குடும்பத்தோடு கோத்தகிரிக்குச் சோறு கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். முதல் முறை மே மாத ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வண்டிகளில் கிளம்பி, ஒன்றுக்கு மட்டும் இ-பாஸ் (நீலகிரிக்குப் போகிற வண்டிக்கு இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு) எடுத்திருந்தோம். அடிவாரச் சோதனைச் சாவடியில் சிக்னல் சரியாகக் கிடைக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பெட்டியாக வாங்கிய தண்ணீர் பாட்டில்களைப் பிளாஸ்டிக் தடையால் அங்கேயே இறக்கிவைக்க வேண்டியதாயிற்று. மேலே போய், தேயிலைத் தோட்டம் அழகாக இருக்கிறதே என்று விரித்து உட்கார்ந்தால், தோட்டத்துக்காரர்கள் வந்து இது தனியார் இடம் என்று சொல்லி எழுப்பினார்கள். மூன்று மணிக்கு மழை. என் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) 78 வயது. அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக நாங்கள் பட்ட பாடு இன்னும் மனதில் நிற்கிறது.

இரண்டாவது முறை பிப்ரவரியில் போனோம். அதே ஆட்கள், வகை மட்டும் குறைந்த அதே கட்டுச்சோறு. ஆனால் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள், எடுத்த படங்களும் அவ்வளவு அழகாக வந்தன. வித்தியாசம் முழுக்க முந்தின இரண்டு வாரத்தில் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலையில்தான் இருந்தது. முதன்முறை போகிறவர்கள் எங்களைப் போல அல்லாடக் கூடாது என்பதற்காக, அந்த வேலையைப் படிப்படியாக எழுதுகிறேன். நாங்கள் 15 பேர்: பெரியவர்கள் 11, குழந்தைகள் 4. உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தேதி

வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கோத்தகிரியில் நல்ல காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. பகலில் வெயில் இதமாக இருக்கும், தரை காய்ந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் அதிகம். பிற்பகலில் இடி மழையும் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். மண் சரிவுக்குப் பெயர்போன சாலைகள் அவை.

கோடை சீசனில் இன்னொரு சிக்கலும் உண்டு. நெரிசலைக் குறைக்க ஒருவழிப் பாதை விடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகள் குன்னூர் வழியாகவும், இறங்குகிறவை கோத்தகிரி வழியாகவும் போக வேண்டும். நாங்கள் மே மாதம் போனபோது இது தெரியாது. நேராகக் கோத்தகிரிக்கு ஏறிவிடலாம் என்று போட்ட நேரக் கணக்கு மேட்டுப்பாளையத்திலேயே கலைந்துவிட்டது.

வார நாள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முடியாவிட்டால் சனிக்கிழமை போங்கள். ஞாயிறு மாலை எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.

2. வண்டி: மஞ்சள் நம்பர் பலகை, எழுத்தில் வாடகை

இரண்டு மூன்று கார்களில் போவதைவிட ஒரே வேனில் போவது எல்லா வகையிலும் நல்லது. ஒரு இ-பாஸ் போதும், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, சாமான்களும் ஒரே இடத்தில் இருக்கும். 15 பேருக்கு 17 இருக்கை டெம்போ டிராவலர் சரியாக இருக்கும். மீதி இரண்டு இருக்கையில் சாப்பாட்டுக் கூடைகள் உட்காரும்.

தெரிந்தவரின் சொந்த வண்டி, வெள்ளைப் பலகை, வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள். எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து என்று வந்துவிட்டால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சிக்கல். மஞ்சள் பலகை வண்டிதான் வேண்டும். பதிவுச் சான்று, பெர்மிட், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), காப்பீடு, புகைச் சான்று ஐந்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் தயங்காமல் அனுப்பிவிடுவார்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்:

- ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குப் பணம் பிடிப்பார்கள். நாங்கள் ஓடியது சுமார் 220 கிலோமீட்டர், கொடுத்தது 300-க்கு. அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்தது.
- கிலோமீட்டர் கணக்கு உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, வேன் நிற்கும் ஷெட்டிலிருந்தா.
- டிரைவர் பேட்டா, மலை ஏற்றத்துக்குத் தனிக் கட்டணம், டோல், பார்க்கிங் யார் பொறுப்பு.
- மலையில் ஏசி ஓடுமா. பெரும்பாலும் ஏற்றத்தில் அணைத்துவிடுவார்கள். குழந்தைகள் இருந்தால் ஜன்னல் திறக்கிற வண்டியாகப் பாருங்கள்.
- வண்டி எண்.

கடைசியாக எழுதியிருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

டிரைவரைப் பற்றியும் கேளுங்கள். மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவரா, முந்தின இரவு வேறு சவாரி இருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேட்கலாம். தூங்காத டிரைவரோடு மலை ஏறுவதைவிடத் தேதியை மாற்றுவது மேல்.

3. இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் நீங்களே பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஓடிபி வருகிற கைப்பேசி, வண்டி எண், வண்டி வகை, எத்தனை பேர், எங்கிருந்து வருகிறீர்கள், உள்ளே போகும் தேதி, வெளியே வரும் தேதி, மேலே எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்ற விவரம். முடிந்ததும் கியூஆர் குறியீட்டோடு பாஸ் வரும். அதைக் கைப்பேசியில் சேமித்து, ஒரு தாளிலும் அச்செடுத்து டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். அடிவாரத்தில் இணையத்தை நம்ப வேண்டாம்.

இதில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் மூன்று.

பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டி எண்ணுக்கு. கடைசி நேரத்தில் வேன்காரர் அந்த வண்டி ரிப்பேர் என்று வேறு வண்டி அனுப்பினால் உங்கள் பாஸ் செல்லாது. அதனால்தான் எண்ணை எழுத்தில் வாங்கச் சொன்னேன். முந்தின நாள் மாலை ஒருமுறை போன் செய்து அதே வண்டிதானே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாறியிருந்தால் வீட்டிலிருந்தபடியே புதுப் பாஸ் எடுத்துவிடலாம்.

இரண்டாவது, எண்ணிக்கை வரம்பு. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். சீசனில் போகிறவர்கள் கிளம்புகிற காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், தேதி முடிவானதுமே மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, தனியாகக் கிளம்பி வந்து சேர்ந்துகொள்கிற சொந்தக்காரர்கள். நாங்கள் மேட்டுப்பாளையத்தில் வந்து சேர்ந்துகொள்கிறோம் என்று ஒரு கார் வந்தால் அதற்கும் பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு வேண்டாம். எங்கள் சித்தப்பா குடும்பம் இரண்டாவது முறை மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு எங்களோடு வேனில் ஏறிக்கொண்டது.

4. உட்காரும் இடத்துக்குப் பணம் கொடுங்கள்

மொத்தப் பயணத்திலும் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான். மலையில் பச்சையாகத் தெரிகிற இடம் எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தேயிலைத் தோட்டம் தனியாருடையது, சோலைக்காடு வனத்துறையுடையது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் அடுப்பு மூட்டுவதும் குற்றம். அதிலும் பிப்ரவரி, மார்ச் காட்டுத்தீ பிடிக்கும் காலம். சாலையோரம் வண்டியை நிறுத்திச் சாப்பிடலாம் என்றால் குரங்குகள் ஐந்து நிமிடம்கூட விடாது, வளைவில் வண்டி நிறுத்துவது ஆபத்தும்கூட. பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிட விடுவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். போன் செய்து கேட்காமல் நம்பிப் போகாதீர்கள்.

நாங்கள் இரண்டாவது முறை செய்தது: கோத்தகிரியில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிற ஒரு குடும்பத்திடம் பேசி, புல்தரையைக் காலை 9 முதல் மாலை 4 வரை வாடகைக்கு எடுத்தோம். 4,000 ரூபாய். இரண்டு கழிப்பறை, வெந்நீர், பெரியவர்கள் படுக்க ஒரு அறை எல்லாம் அதில் அடக்கம். வார நாளில் அறைகள் காலியாக இருக்கும்போது பலர் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். விளம்பரப்படுத்த மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். நான்கு இடங்களில் கேட்டேன், இரண்டு பேர் சரி என்றார்கள்.

4,000 ரூபாய் அதிகமாகத் தோன்றலாம். ஆளுக்குப் பிரித்தால் 270 ரூபாய்கூட வராது. அந்தப் பணத்துக்கு அம்மாயி நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கப் பயப்படாமல் இருந்தார். முதல் முறை, கழிப்பறை இல்லை என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார் என்பது மாலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. வீட்டுப் பெண்கள் பலரும் வெளியில் இப்படித்தான் இருக்கிறார்கள், சொல்வதில்லை. உங்கள் திட்டத்தில் எதைக் குறைத்தாலும் கழிப்பறையை மட்டும் குறைக்காதீர்கள்.

போனில் கேட்க வேண்டியவை: புல்தரை சமதளமா, சரிவா? 12 மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும்? மழை வந்தால் ஒதுங்க மூடிய திண்ணை உண்டா? கழிப்பறை மேற்கத்திய வகையா? வேன் வாசல் வரை வருமா, படி ஏற வேண்டுமா? காணொளி அழைப்பில் ஒருமுறை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் சரி என்ற இடத்தில் 40 படிகள் இருந்தது காணொளியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. முட்டி வலி இருக்கும் அத்தையை நினைத்து அதை விட்டுவிட்டோம்.

5. பிளாஸ்டிக் இல்லாமல் கட்டுவது

நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை. பிளாஸ்டிக் கவர், டம்ளர், தட்டு, உறிஞ்சுகுழல், தெர்மாகோல் இவையும் கூடாது. சோதனைச் சாவடியில் வண்டிக்குள் ஏறிப் பார்ப்பார்கள், அபராதமும் உண்டு.

பாட்டிலும் கவரும் எல்லாருக்கும் தெரிந்தவை. தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு பொருட்களில். ஜவுளிக்கடையில் கொடுக்கிற, பார்க்கத் துணி போலவே இருக்கிற நான்-ஓவன் பை துணிப்பை இல்லை. அது 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதற்குமான தடைப் பட்டியலிலேயே இருக்கிறது. உள்ளே மெழுகு போலப் பளபளக்கும் காகித டம்ளர், காகிதத் தட்டு, மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் ரோல் இவையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. முந்தின இரவு ஒவ்வொரு பையையும் கவிழ்த்துப் பாருங்கள். குழந்தைகளின் பைகளை மறந்துவிடாதீர்கள்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் ஒன்றும், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும் போதும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்பது என் கணக்கு. பிஸ்கட், முறுக்கு, சிப்ஸ் எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரித்து டின்னில் போட்டுவிடுங்கள். மலைப்பாதையில் வாந்தி வருகிற குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் கவர் வைத்திருப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். அதற்குப் பதில் மூடியுள்ள பழைய எவர்சில்வர் டப்பா இரண்டு எடுத்து, அடியில் செய்தித்தாள் போட்டு, இருக்கைக்குக் கீழே வையுங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, மேட்டுப்பாளையம் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். வளைவு ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

6. சாப்பாடு

எங்கள் கொங்குப் பக்கம் கட்டுச்சோறு என்றால் வளைகாப்புக்கு முன்னால் தாய்வீட்டுக்காரர்கள் வகைவகையாகக் கட்டி எடுத்துவந்து கொடுக்கும் சோறுதான் ஞாபகத்துக்கு வரும். ஏழெட்டு வகைச் சாதம், ஒவ்வொன்றும் தனித்தனித் தூக்கில். அந்தப் பழக்கத்தில் முதல் முறை ஆறு வகை செய்தோம். ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. மூன்று போதும்: புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், வறுத்த மோர்மிளகாய், வடகம், பருப்புப் பொடி. இனிப்புக்கு ஒப்பிட்டு (போளி). காலைக்கு இட்லியும் மிளகாய்ப் பொடியும்.

15 பேருக்கும் டிரைவர் அண்ணனுக்கும் சேர்த்துப் பச்சரிசி மொத்தம் ஒன்றே முக்கால் கிலோ போட்டோம்: புளிச்சாதத்துக்கு 700 கிராம், எலுமிச்சைக்கு 450, தயிருக்கு 600. குளிரில் பசி அதிகம் எடுக்கும். மீதி வரவில்லை.

கவனிக்க வேண்டியவை சில. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே நல்லெண்ணெயில் நன்றாகக் கொதிக்கவிட்டு வைத்துக்கொண்டால் அதிகாலை வேலை பாதியாகும். சாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்தத் தண்ணீர் சாதத்தில் விழும், மதியத்துக்குள் நொந்துவிடும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். தேங்காய்ச் சட்னி கட்டாதீர்கள், இட்லிப் பொடியை எண்ணெயில் குழைத்து இட்லி மேலேயே தடவிக் கொண்டுபோங்கள்.

தயிர்ச்சாதத்தில்தான் மலை நம்மை ஏமாற்றும். சமவெளிப் பயணத்துக்குப் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் விட்டால் மதியத்துக்குள் தோய்ந்துவிடும். கோத்தகிரிக் குளிரில் தோயாது. முதல் முறை பால்சோறுதான் சாப்பிட்டோம். ஏற்கெனவே நன்றாகத் தோய்ந்த, புளிக்காத தயிரைப் பாதிக்குப் பாதி சேர்த்துப் பிசைந்துவிடுங்கள்.

சுக்குமல்லிக் காப்பிக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்க் ஒன்று. பதினொரு மணிக்கு வெயிலில் உட்கார்ந்து குடிக்கிற அந்த ஒரு டம்ளருக்காகவே நான் இன்னொரு முறை போவேன்.

7. விரிப்பு, பாத்திரம், உடை

அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக எதுவும் புதிதாக வாங்க வேண்டாம். படம் எடுக்கும்போது கண்ணை உறுத்துவது கசங்கிய கவரும் கலர் கலரான பாட்டிலும்தான். பிளாஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுவிட்டால் விரிப்பு தானாகவே பாதி அழகாகிவிடுகிறது. இதை நான் சோதனைச் சாவடிக்குப் பயந்து செய்தேன். மேலே போய் எடுத்துவைத்துப் பார்த்தபோதுதான் அதன் அழகு தெரிந்தது.

அடியில் கோரைப்பாய், அதன் மேல் பவானி ஜமுக்காளம். வெறும் ஜமுக்காளத்தைப் புல்லில் விரித்தால் பனி ஈரம் ஏறிப் பத்து நிமிடத்தில் உடுப்பு நனையும். பாய் ஈரத்தைத் தடுக்கும். 15 பேருக்குப் பெரிய ஜமுக்காளம் இரண்டு. ஒன்று உட்காரவும் சாப்பிடவும், இன்னொன்று படுக்க, குழந்தைகள் விளையாட. இரண்டும் ஒரே நிறக் கோடுகளாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டுத் தலையணை ஆறுக்குப் பழைய பருத்திப் புடவையில் உறை தைத்தேன். மரத்தில் சாய்ந்துகொள்ளவும் வயதானவர்கள் முதுகுக்கு முட்டுக் கொடுக்கவும் அது அவ்வளவு உதவியது. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மடக்கு நாற்காலி. நாற்காலியைத் தள்ளிப் போடாமல் ஜமுக்காளத்தின் ஓரத்தை ஒட்டியே போடுங்கள். தனியாக ஒதுக்கி உட்காரவைத்தது போல அவர்களுக்குத் தோன்றக் கூடாது.

எவர்சில்வர் தட்டில் வட்டமாக வெட்டிய வாழையிலை வைத்துப் பரிமாறினோம். தரை மேடு பள்ளமாக இருப்பதால் வெறும் இலை வழுக்கும், காற்றில் தூக்கும். இலையை வீட்டிலேயே அனலில் லேசாக வாட்டி, ஈரத்துணியில் சுருட்டி எடுத்துப்போனால் கிழியாது. சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுத்துவிட்டால் தட்டு கழுவுவதும் சுலபம்.

பித்தளைத் தூக்கு, பித்தளைப் போசி எடுத்துப்போக ஆசை வரும். எனக்கும் வந்தது. ஈயம் பூசாத பித்தளையில் புளி, எலுமிச்சை, தயிர் மூன்றையும் வைக்கக் கூடாது, களிம்பு ஏறும். முதல் பயணத்தில் பாட்டி காலத்துத் தூக்கில் வைத்த எலுமிச்சைச் சாதம் முழுவதையும் கசந்துபோய்க் கொட்டினோம். பித்தளையில் பூவும் பழமும் வையுங்கள். சாப்பாடு எவர்சில்வரிலேயே இருக்கட்டும்.

உடைக்கு ஒரே யோசனை: எல்லாரும் ஒரே நிறத்தில் வாங்காமல், வீட்டில் இருப்பதிலேயே வெளிர் நிறம் அல்லது மண் நிறம் என்று ஒன்றோடொன்று பொருந்துகிற நிறங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி உடுப்பு, மேலே கழற்றக்கூடிய ஸ்வெட்டர், காலை மூடும் செருப்பு அல்லது ஷூ. காலை எட்டரைக்குக் குளிரும், 12 மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். குளிராக இருக்கிறதே என்று தொப்பியும் குடையும் எடுக்காமல் போனால் முகம் கருத்துத்தான் திரும்புவீர்கள்.

8. அன்றைய நாள்

அதிகாலை 3.30-க்குச் சமையல். 5.30-க்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். அவிநாசி, அன்னூர் வழியாக ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம். அங்கே டீ மட்டும் குடியுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பாஸ் பார்ப்பார்கள். இந்தச் சாலையில், முக்கியமாகப் பலாப்பழம் பழுக்கும் மாதங்களில், காட்டு யானைகள் இறங்கும். வண்டியை விட்டு இறங்கிப் படம் எடுக்கிற ஆசையே வேண்டாம்.

எட்டரை, ஒன்பதுக்குள் இடத்தை அடைந்து, விரித்து, இட்லி சாப்பிடலாம். நடக்க முடிந்தவர்கள் பத்து மணிக்கு வேனில் கோடநாடு காட்சிமுனைக்குப் போய்வரலாம். 18 கிலோமீட்டர்தான். அங்கிருந்து கீழே மாயாறு பள்ளத்தாக்கு தெரியும். பெரியவர்கள் புல்தரையிலேயே இருக்கட்டும். 12.30-க்கு எல்லாரும் சேர்ந்து சாப்பாடு. மூன்று மணிக்குக் கட்ட ஆரம்பித்து, மூன்றரைக்குக் கிளம்பிவிடுங்கள். இருட்டுவதற்குள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பது கணக்கு. இன்னும் ஒரு அரை மணி நேரம் என்று யாராவது கெஞ்சுவார்கள், குறிப்பாகக் குழந்தைகள். கொடுக்காதீர்கள். மாலைப் பனிமூட்டத்தில் மலை இறங்குவது டிரைவருக்குப் பெரும் சிரமம்.

9. செலவு

எங்களுக்கு ஆனது இது. வேன், பேட்டா எல்லாம் சேர்த்து 9,000. புல்தரை 4,000. மளிகை, காய், இலை, பால் 3,100. வழியில் டீ, நுழைவுக் கட்டணம், சில்லறை 900. மொத்தம் 17,000. குழந்தைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் 11 பேருக்குப் பிரித்ததில் தலைக்குச் சுமார் 1,550 ரூபாய். பணத்தைக் கிளம்பும் முன்பே ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். மேலே போய்க் கணக்குப் பேசினால் யாருக்காவது மனம் வருந்தும். தனியாக 2,000 ரூபாய் பணமாக இருக்கட்டும், எல்லா இடத்திலும் யுபிஐ வேலை செய்யாது.

வேனுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கொடுக்க வேண்டாம். புல்தரைக்கு நாங்கள் ஆயிரம் கொடுத்தோம். மழை வந்து தேதி மாறினால் அந்த ஆயிரம் அடுத்த தேதிக்குச் செல்லும் என்று முன்பே பேசிக்கொண்டோம்.

10. கட்டும்போதும் மறுநாளும்

மீந்த சோறு, பழத்தோல், இலை எதையும் புதரில் வீசாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும் வீடுகளுக்கு அருகிலேயே நடமாடும். நாம் வீசிய சோற்றின் வாசனைக்கு ராத்திரி வருகிற கரடி, அந்த வீட்டுக்காரர்களின் வாசலுக்குத்தான் வரும். குரங்குக்குப் பழம் கொடுப்பதும் அதே மாதிரி கெடுதல், சட்டப்படியும் கூடாது. மூடியுள்ள ஒரு பெரிய டின்னை இதற்கென்றே எடுத்துப்போய், எல்லாக் கழிவையும் அதில் போட்டு ஊருக்கே திருப்பிக் கொண்டுவந்தோம்.

வண்டியில் ஏறும் முன் ஜமுக்காளத்தை இரண்டு பேர் பிடித்து நன்றாக உதறுங்கள். குழந்தைகளின் சாக்ஸ், கால்சட்டை ஓரங்களில் அட்டையோ உண்ணியோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் பாயையும் ஜமுக்காளத்தையும் இரண்டு பக்கமும் வெயில் காட்டிய பிறகே மடிக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் மக்கல் வாடை பிடித்துவிடும், பிறகு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. மடிப்புக்குள் இரண்டு துண்டு வசம்பு போட்டு வைத்தால் பூச்சி அண்டாது.